மேலும் கீழும் ஒரு பல்லும் இல்லை: எட்டா, பதினொன்றா, இரண்டா?

#1 ஈசல்
எனக்கு வயது 61. ஈறு நோயில் பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கி, மிச்சமிருந்த ஒன்பதையும் நான்கு வருடம் முன்பு ஒரே மாதத்தில் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மேலும் கீழும் கழற்றி மாட்டும் செட்தான். மேல் செட்டைப் பற்றிப் புகார் இல்லை, அண்ணத்தோடு கப்பென்று பிடித்துக்கொள்கிறது. கீழ் செட்தான் என் எதிரி. ‘ள’ சொல்ல நாக்கு எழும்பினால் அதுவும் கூடவே எழும்பும். போன வாரம் வங்கி வரிசையில் நிற்கும்போது ஒரு தும்மல், செட் உள்ளங்கையில் வந்து விழுந்தது. பின்னால் நின்ற பெண் நல்லவர், கைப்பேசியைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

பசை போட்டுத்தான் ஓட்டுகிறேன். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, வெளியே போனால் இன்னொரு தடவை. ஒரு ட்யூப் ஒரு வாரம்கூட வருவதில்லை.

மூன்று பல் டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். முதலாமவர் மேலே நாலு, கீழே நாலு இம்பிளாண்ட் (தாடை எலும்பில் ஏற்றும் டைட்டானியம் ஸ்க்ரூ) போட்டு, கழற்றவே தேவையில்லாத பல் வைக்கலாம், அன்றே பல்லோடு வீட்டுக்குப் போகலாம் என்கிறார். இரண்டாமவர் மேலே ஆறு, கீழே ஐந்து என்கிறார். அதற்கு முன்பு சைனஸ் (மேல்தாடைக்கு மேலே இருக்கும் காற்றுக்குழி) பக்கம் எலும்பு வைக்க வேண்டுமாம். மூன்றாமவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “மேலே கை வைக்க வேண்டாம். கீழே மட்டும் இரண்டு போடுவோம், செட்டை அதில் மாட்டிக்கொள்ளுங்கள்” என்றார்.

அதே வாய், அதே படம். எட்டு, பதினொன்று, இரண்டு. யார் சொல்வதைக் கேட்பது?

#2 மறுகடி
தயங்காமல் முதலாமவர் சொன்னதைச் செய்யுங்கள். நான் ஏழு வருடம் முன்பு மேலும் கீழும் நாலு நாலு போட்டேன். காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன், மாலை தற்காலிகப் பல்லோடு எழுந்தேன். முகம் மூன்று நாள் பூசணி மாதிரி வீங்கியிருந்தது, பிறகு வடிந்துவிட்டது. ஐந்தாவது மாதம் நிரந்தரப் பல். இப்போது தூங்கும்போதும் வாயில் பல் இருக்கிறது. ராத்திரி டம்ளரில் பல்லைப் போட்டுவிட்டுப் படுப்பது ஒரு மனிதனை என்ன செய்யும் என்று செட் போட்டவனுக்குத்தான் தெரியும். இரண்டு போட்டு மாட்டுவது என்றால் மறுபடியும் டம்ளர்தானே?

#3 குறுக்குச்சால்
“அன்றே பல்” என்று பலகை மாட்டியிருக்கும் இடத்தில் போய்க் கேட்டால் “கொஞ்சம் பொறுங்கள்” என்றா சொல்வார்கள்? ஈசல், முதலாமவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அன்று எலும்பு ஸ்க்ரூவைச் சரியாகப் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? பதில் தெளிவாக வந்தால் மேற்கொண்டு பேசுங்கள். “அப்படியெல்லாம் ஆகாது” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

#4 வெண்சங்கு
செயற்கைப் பல் பொருத்துவதுதான் என் தொழிலாக இருந்தது, இப்போது ஓய்வு. உங்கள் வாயை நான் பார்க்கவில்லை, ஆகவே இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னதில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் ஏன் கீழ் செட் மட்டும் படுத்துகிறது என்று பார்ப்போம். மேல் செட்டுக்கு அண்ணம் முழுக்க இடம் இருக்கிறது. எச்சில் ஒரு மெல்லிய படலமாக நடுவில் நின்று, ஓரம் ஈறோடு ஒட்டி, காற்றுப் புகாமல் பிடித்துக்கொள்ளும். கீழே அந்த இடத்தை நாக்கு எடுத்துக்கொள்கிறது. செட் ஒரு லாட வடிவத்தில் குறுகிய எலும்பு மேட்டின் மேல் உட்கார வேண்டும். உள்பக்கம் நாக்கு தள்ளும், வெளிப்பக்கம் கன்னமும் உதடும் தள்ளும்.

அந்த மேடும் நிலையாக இருப்பதில்லை. பல் வேர் இருக்கும்வரைதான் தாடை எலும்புக்கு வேலை. வேர் போனதும் உடம்பு எலும்பைக் கரைக்க ஆரம்பிக்கும், முதல் வருடத்தில்தான் மிக வேகமாக. முழு செட் போட்டவர்களை 25 வருடம் தொடர்ந்து பார்த்து 1972-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. முன்பக்க எலும்பின் உயரம் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் சுமார் நான்கு மடங்கு அதிகமாகக் குறைந்திருந்தது. வரப்பாக இருந்தது தேய்ந்து வெறும் கோடாகிவிடும். அதன் மேல் எந்தக் கைதேர்ந்தவர் செட் செய்தாலும் வழுக்கத்தான் செய்யும்.

மூன்றாமவர் சொன்னது இதற்குத்தான். கீழ்த்தாடையில் கோரைப்பற்கள் இருந்த இடங்களில் பக்கத்துக்கொன்றாக இரண்டு இம்பிளாண்ட். உதட்டுக்குப் போகும் நரம்பு அதற்குப் பின்னால்தான் வெளியே வருகிறது, எனவே முன்பகுதி பாதுகாப்பான இடம். எலும்பும் அங்கே கெட்டி. அதன் தலையில் ஒரு சின்னக் குமிழ், செட்டின் அடியில் அதற்கு ஒரு மூடி. அழுத்தினால் சட்டைப் பொத்தான் போல டக்கென்று மாட்டும். 2002-இல் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு வெறும் செட்டை முதல் தேர்வாகக் கொள்ளக் கூடாது, இரண்டு இம்பிளாண்டில் மாட்டும் செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். இது அரைகுறை வைத்தியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலாமவர் சொன்ன நாலு, போர்ச்சுகலின் பாவ்லோ மாலோ பரப்பிய முறை. முன்னால் இரண்டு நேராக, பின்னால் இரண்டு சாய்வாக, 45 பாகை வரைகூட. சாய்ப்பது ஏன்? மேலே சைனஸ் குழி, கீழே நரம்பு, இரண்டையும் தொடாமல் பின்பக்கத்துக்கு ஆதரவு கொடுக்க. எலும்பு வைக்கும் வேலை பெரும்பாலும் மிச்சமாகும். நல்ல முறைதான். ஆனால் “அன்றே பல்” என்பது ஒவ்வொரு ஸ்க்ரூவும் எலும்பில் எவ்வளவு இறுக்கமாக ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசையாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வராவிட்டால் மூடித் தைத்துவிட்டு மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். குறுக்குச்சால் கேட்கச் சொன்ன கேள்வி சரியானது.

இரண்டாமவர் நாளை ஒன்று போனாலும் மிச்சம் தாங்க வேண்டும் என்று யோசிக்கிறார். மேல்தாடை எலும்பு மிருது, அதனால் அங்கே எண்ணிக்கை கூடுவதில் அர்த்தம் உண்டு. நாலில் ஒன்று போனால் அவற்றின் மேலே உள்ள மொத்தப் பாலமும், அதாவது ஒரே துண்டான பல்வரிசையும், ஆட்டம் காணும். ஆறில் ஒன்று போனால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

எத்தனை என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்களுக்கு என்ன தொந்தரவு? கீழ் செட் எழும்புகிறது, அவ்வளவுதானே? மேல் செட்டைப் பற்றிப் புகார் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்தப் பசை. வாரம் ஒரு ட்யூபுக்கு மேல் என்பது மிக அதிகம். சில பசைகளில் துத்தநாகம் உண்டு. வருடக்கணக்கில் அளவுக்கு மீறி உள்ளே போனால் உடம்பில் தாமிரம் குறைந்து நரம்பையே பாதிக்கும். ட்யூபின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

#5 ஈசல்
படித்தேன். துத்தநாகம் இருக்கிறது. கண்ணாடி போட்டும் தெரியாத அளவு எழுத்தில்.

கால் விரல்கள் கொஞ்ச நாளாக மரத்த மாதிரி இருப்பதை வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#6 வெண்சங்கு
வயசாகவும் இருக்கலாம், சுகராகவும் இருக்கலாம். ஆனால் இந்த வாரமே பொது மருத்துவரிடம் போய், பசை விஷயத்தையும் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பல் வேலை காத்திருக்கும்.

#7 லேப்மேசை
நான் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். வாய்க்குள் நடப்பது தெரியாது, மேசைக்கு வருவது தெரியும்.

யாரும் சொல்லாத ஒன்று, இடம். கழற்றாத முழுப் பல் செய்ய இம்பிளாண்ட் தலையிலிருந்து பல் நுனி வரை ஒரு தாடைக்குச் சுமார் 15 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். உள்ளே உலோகக் கம்பி, அதன் மேல் ரோஸ் நிற ஈறு, அதன் மேல் பல். எலும்பு அதிகம் தேயாதவர்களுக்கு அந்த இடம் இருக்காது. அப்போது எலும்பைச் சீவி இடம் உண்டாக்குவார்கள். நல்ல எலும்பை, வேண்டுமென்றே. சிரித்தால் செயற்கை ஈறு முடியும் கோடு வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவும் சீவுவதுண்டு. சீவியது திரும்ப வளராது. தப்பென்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன்பு “என் எலும்பை எத்தனை மில்லிமீட்டர் எடுப்பீர்கள்?” என்று கேளுங்கள் என்கிறேன்.

எந்தப் பொருள் என்ற கேள்வியும் உண்டு. அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் பல் உடையும், தேயும், ஆனால் ஒட்டிவிடலாம். சிர்கோனியா என்ற பீங்கான் வகை அவ்வளவு சீக்கிரம் உடையாது. உடைந்தால் மொத்தமாகப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். என் மேசைக்குத் திரும்பி வருவதில் பாதி, முன்பல் ஒன்று பிய்ந்த அக்ரிலிக் வேலை. இம்பிளாண்ட்காரர்கள் தெரியாமலே பலமாகக் கடிப்பார்கள். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது, ஒரு தலைமுடி மாட்டினாலும் அது சொல்லிவிடும். இம்பிளாண்ட் நேராக எலும்போடு ஒட்டியது, அந்த நுண்ணுணர்வு கிடையாது.

முக்கியமாக, கடைசிப் பல் செய்யும் முன்பு மாதிரிப் பல்லை வாயில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். கண்ணாடி முன் நின்று பேசுங்கள், எண்ணுங்கள், சிரியுங்கள். “ச” சீறுகிறதா, உதடு மூடுகிறதா என்று பாருங்கள். அப்போது மாற்றுவது எனக்கு அரை மணி நேர வேலை.

#8 இரவுப்பணி
எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அம்மாவுக்கு 68 வயதில் மேலே நாலு போட்டு நிலையான பல் வைத்தோம். முதல் மூன்று வருடம் தங்கம். குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு கைநடுக்கம் வந்தது. அந்தப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து இருக்கும், அதில் வளைந்த நூலையோ சின்ன பிரஷையோ விட்டு ஒவ்வொரு இம்பிளாண்டைச் சுற்றியும் தினமும் துடைக்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தலைகீழாகச் செய்ய வேண்டிய வேலை. நடுங்கும் கையால் முடியவில்லை. எங்களிடம் சொல்லவும் வெட்கம். “தேய்த்துவிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஐந்தாவது வருடம் வாயிலிருந்து ஒரு வாடை. கூட்டிப்போனால், போட்டவர்கள் எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு முறை அப்படியே. மூன்றாவது முறை வேறு இடத்தில் காட்டினோம். அவர் பாலத்தை ஸ்க்ரூ கழற்றித் தூக்கினார். அடியில் சாம்பல் நிறத்தில் காரை படிந்திருந்தது, இரண்டு இம்பிளாண்டைச் சுற்றிச் சீழ். எலும்பு பாதிக்கு மேல் போயிருந்தது. கடைசியில் மூன்றை எடுத்தோம். எடுத்த இடத்தில் எலும்பே இல்லாததால் இப்போது சாதாரண செட்கூடச் சரியாக நிற்பதில்லை.

நிலையான பல் தப்பு என்று சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து இந்த வாயை யார் துடைப்பார்கள் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

#9 மறுகடி
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அம்மாவுக்கு என் அன்பு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் தினமும் ராத்திரி பத்து நிமிடம் ஒதுக்குகிறேன். நீர் பீச்சும் கருவி, அப்புறம் நூல். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டுகிறேன். வருடம் ஒரு முறை பாலத்தைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார்கள். ஏழு வருடத்தில் ஒரு ஸ்க்ரூ லூசானது, ஒரு கடவாய்ப்பல் பிய்ந்தது, அவ்வளவுதான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நிற்கும்.

#10 குறுக்குச்சால்
“ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால்” என்பதில்தானே எல்லாம் இருக்கிறது. ஈறு நோயில் பல் போனவருக்கு அதே நோய் இம்பிளாண்டைச் சுற்றியும் வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். பல்லைத் தின்ற கிருமி ஸ்க்ரூவைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிப் போகாது.

#11 மறுகடி
எனக்கும் ஈறு நோயில்தான் போனது. அதனால்தான் பத்து நிமிடம்.

#12 புதுவரவு_மூன்று
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சுகர் உண்டு, புகைக்கிறார், எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு ஊசி போடுகிறார்கள். இம்பிளாண்ட் முடியுமா? போட்டால் பிறகு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

#13 வெண்சங்கு
மூன்றில் அந்த ஊசியைத்தான் முதலில் கேட்பேன். எலும்புக்கான சில மருந்துகள் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையே மந்தமாக்கும். அந்த நிலையில் தாடையில் துளை போட்டால் சிலருக்குப் புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்து அழுகும். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவில் இது அரிது, புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய அளவில் அபாயம் அதிகம். மருந்தின் பெயர், எப்போது தொடங்கினார், கடைசி ஊசி எப்போது என்று எழுதி எடுத்துப் போங்கள். நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள், அது வேறு ஆபத்து. பல் டாக்டரும் ஊசி எழுதிய டாக்டரும் பேசிக்கொள்ளட்டும்.

சுகர் கட்டுக்குள் இருந்தால் தடை இல்லை. மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். சிகரெட்டோடு இம்பிளாண்ட் போடலாம், தோற்கும் வாய்ப்பு கூடும். நிறுத்த அப்பாவுக்கு இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

எம்ஆர்ஐ எடுக்கலாம். டைட்டானியம் காந்தத்தால் இழுபடாது. படத்தில் வாய்ப் பகுதி மட்டும் கொஞ்சம் கலங்கித் தெரியும். சில செட்டுகள் காந்தத்தால் மாட்டும் வகை, அது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

#14 திண்ணைக்கதை
சும்மா ஒரு கிளைக்கதை. இந்த டைட்டானியம் சமாச்சாரமே தற்செயல். 1952-இல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற மருத்துவர் பல்லைப் பற்றி நினைக்கவே இல்லை. முயலின் கால் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க டைட்டானியத்தில் ஒரு சின்னக் கூண்டு வைத்தார். ஆராய்ச்சி முடிந்து திரும்ப எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டது. 1965-இல் முதல் மனிதருக்குக் கீழ்த்தாடையில் வைத்தார். அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல் அது வேலை செய்தது. மற்ற மருத்துவர்கள் நம்புவதற்குத்தான் வருடக்கணக்காக ஆனது.

#15 ஈசல்
எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி, நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து நீட்டச் சொல்லி, நடுங்குகிறதா என்று பார்த்தாள்.

முதலாமவரிடம் இரண்டு கேள்வியும் கேட்டேன். எலும்பு பிடிக்காவிட்டால் காத்திருப்போம் என்று நேராகச் சொன்னார், அதில் குறையில்லை. எலும்பைச் சீவுவது பற்றிக் கேட்டபோது “கொஞ்சம்” என்றார். எத்தனை மில்லிமீட்டர் என்றேன். மேலே ஐந்து வரை என்றார். எனக்குத் தொந்தரவே தராத மேல்தாடையில் ஐந்து மில்லிமீட்டர். மூன்றாமவரிடம் போகிறேன். ஸ்கேன் எடுத்தாயிற்று, கோரைப்பல் இடத்தில் எலும்பு போதும் என்கிறார்.

பசையை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. தாமிரம் குறைவுதான், மாத்திரை ஓடுகிறது.

#16 லேப்மேசை
நல்லது. பழைய செட் நன்றாக இருந்தால் அதையே மாற்றித் தரலாம், புதிது வேண்டியதில்லை. எந்த நிறுவன இம்பிளாண்ட், என்ன அளவு என்ற அட்டையைக் கேட்டு வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு பாகம் தேய்ந்தால், அட்டை இல்லாமல் எந்தச் சாவி சேரும் என்று யாருக்கும் தெரியாது.

#17 ஈசல்
ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன், இழை இன்னும் திறந்திருப்பது ஆச்சரியம்.

இரண்டு போட்டு முடித்தது நாற்பது நிமிடத்தில். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். வலி இல்லை, ஆனால் துளையிடும் அதிர்வு மண்டைக்குள் கேட்கும், அதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். தையல் பிரித்த பிறகும் மூன்று மாதம் பழைய செட்டைத்தான், அந்த இடத்தில் குடைந்துவிட்டு, மிருதுவான பூச்சோடு போட்டுக்கொண்டேன்.

போன மாதம் குமிழ் வைத்தார். லொக்கேட்டர் என்ற வகை. செட்டின் அடியில் உலோக மூடி, அதற்குள் சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நைலான் வளையம். நீலம் என்றால் இளக்கம், ரோஜா நடுத்தரம், நிறமில்லாதது இறுக்கம். முதலில் இறுக்கமானதைக் கேட்டு வாங்கினேன், ஆசை. முதல் நாள் ராத்திரி குளியலறையில் இருபது நிமிடம் நின்று இழுத்தும் கழற்ற முடியவில்லை. மறுநாள் போய் நீலத்துக்கு மாறினேன். இரண்டு கட்டைவிரலையும் ஓரத்தில் கொடுத்து மேலே தூக்கினால் டக். மாட்டும்போது இரண்டு டக், இடது முதலில், பிறகு வலது. மனைவிக்கு அடுத்த அறையில் கேட்கிறதாம்.

மறுகடி, டம்ளர் இன்னும் இருக்கிறது. நீங்கள் சொன்னது உண்மை, அது கொஞ்சம் குத்தத்தான் செய்கிறது. ஆனால் செட்டைக் கழற்றியதும் இரண்டு குமிழையும் சாதாரண பிரஷால் சுற்றித் தேய்க்கிறேன், இரண்டு நிமிடம். நாளைக்கு என்னால் முடியாவிட்டாலும் யாராவது தேய்த்துவிடலாம்.

ஒரே ஒரு சந்தேகம். கீழ் செட் அசையாமல் நிற்க ஆரம்பித்த பிறகு, நான்கு வருடம் கப்பென்று இருந்த மேல் செட் லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறது. கற்பனையா?

#18 வெண்சங்கு
கற்பனை இல்லை, நிறையப் பேர் சொல்வது. இதுவரை கீழே எதுவும் உறுதியாக நிற்காததால் நீங்கள் மேல் செட்டைப் பலமாகக் கடித்ததே இல்லை. இப்போது கடிக்கிறீர்கள். கடி முன்பக்கமாக விழுந்தால் மேல் செட் பின்பக்கம் ஈறைவிட்டு இறங்கும், அப்படியே விட்டால் மேல்தாடை முன் எலும்பும் தேயும். பின்பற்கள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேல் செட்டின் உள்பக்கம் புதிதாகப் பூசி ஈறோடு பொருந்த வைக்க வேண்டியிருக்கலாம், அது சின்ன வேலை.

#19 ஈசல்
வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். இந்த முறை வங்கி வேலையையும் அன்றே வைத்துக்கொண்டேன்.